சீனன்குடாக் குதங்களும் ஒரு சான்றிதழின் வரலாறும்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களுக்குக் கணக்கில்லை. அதன் ஆழத்தைப் பற்றியும், அதன்மீது கண்வைத்த வல்லரசுகளைப் பற்றியும், எண்ணெய்க் குதங்கள் தொடர்பான ஒப்பந்தங்களைப் பற்றியும் ஈழத்துப் பத்திரிகைகள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக எழுதி வருகின்றன. நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் அத்துறைமுகத்தின் உட்கரையில் அமைந்த சீனன்குடாவில் தலைமுறை தலைமுறையாக வேலைசெய்தோரைப் பற்றி எழுதப்பட்டவை மிகச் சொற்பம். குதங்களின் தொகை எல்லோருக்கும் மனப்பாடம். அவற்றின் வால்வுகளைத் திறக்கவும் மூடவும் தெரிந்தவர்கள் யார், அவர்களுக்கு அதனைக் கற்பித்தவர் யார், கற்றார்கள் என்பதற்குச் சாட்சி எங்கே இருக்கிறது என்று கேட்டவர்கள் அரிது.

இக்கேள்வி இன்று எழுவதற்குக் காரணம் உண்டு. ஊழியர் ஒருவர் பெற்ற பாதுகாப்புப் பயிற்சி, அதற்கான சான்றிதழ், அது காலாவதியாகும் திகதி ஆகியவற்றைக் கணினியில் பதிந்து கண்காணிக்கும் முறை எண்ணெய், துறைமுகம், நிர்மாணம் ஆகிய துறைகளில் உலகெங்கும் பரவிவிட்டது. நேற்று முளைத்த தொழில்நுட்பம் போல அது தோற்றமளிக்கிறது. உண்மையில் அதன் வேர்கள் 175 ஆண்டுகளுக்கு முன்னர் ஊன்றப்பட்டவை. அந்த வரலாற்றைச் சீனன்குடாவில் நின்று நோக்கும்போது, கணினி தீர்த்துவைத்த பிரச்சினை எது, தீர்க்காத பிரச்சினை எது என்பது தெளிவாகிறது.

ஒரு குடா, பல எசமானர்கள்

நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறிய பிரித்தானியக் கடற்படை, கீழைக் கடல்களில் தன் கப்பல்களுக்கு எரிபொருள் சேமித்துவைக்கத் தேர்ந்தெடுத்த இடங்களுள் சீனன்குடாவும் ஒன்று. இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் அங்கு கட்டப்பட்ட குதங்களுள் 99 இன்றும் எஞ்சியுள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீட்டர் கொள்ளக்கூடியது. கரையோரமாகக் கீழ்த்தொகுதி என்றும், காட்டுக்குள் மேல்தொகுதி என்றும் அவை இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றன.

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி காலை, அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்ட ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. சீனன்குடா விமானத் தளத்திலிருந்து பிரித்தானியரின் ஹரிக்கேன் விமானங்கள் எழுந்து எதிர்த்தன. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. ஜப்பானிய விமானமொன்று குதம் ஒன்றின்மீது வீழ்ந்தது என்றும், அந்தத் தீ ஏழு நாட்கள் எரிந்தது என்றும் அவ்வூரார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். உருகி மடிந்த அக்குதத்தின் எச்சம் நெடுங்காலம் அங்கேயே கிடந்தது.

போருக்குப் பின்னர் எசமானர்கள் மாறத் தொடங்கினர். 1957இல் திருகோணமலைக் கடற்படைத் தளத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் பிரித்தானியா இலங்கையிடம் ஒப்படைத்தது. 1961இல் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் பிறந்தது. அந்தப் பத்தாண்டில் குதங்கள் இலங்கை அரசின் உடைமையாயின. 1987 ஜூலை 29ஆம் திகதி இலங்கை - இந்திய உடன்படிக்கையுடன் ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்த்தனவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில், குதங்களைப் புனரமைத்து இயக்குவதை இரு நாடுகளும் கூட்டாக மேற்கொள்ளும் என்ற வாசகம் இடம்பெற்றது. போர் அதனை முடக்கியது. 2003இல் இந்தியன் ஒயில் நிறுவனத்தின் துணை நிறுவனமான லங்கா ஐ.ஓ.சி. சீனன்குடாவுக்கு வந்து கீழ்த்தொகுதியை இயக்கத் தொடங்கியது. 2022 ஜனவரியில் கைச்சாத்தான ஒப்பந்தத்தின்படி 14 குதங்கள் லங்கா ஐ.ஓ.சி.க்கும், 24 குதங்கள் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 குதங்கள் இவ்விரு நிறுவனங்களும் 51க்கு 49 என்ற பங்கில் அமைத்த கூட்டு நிறுவனத்துக்கும் பிரிக்கப்பட்டன.

குதங்களோடு குடா நின்றுவிடவில்லை. சிங்கப்பூரின் பிறிமா நிறுவனம் 1977இல் அரசாங்கத்துடன் ஒப்பந்தம் செய்து அமைத்த கோதுமை மா ஆலை 1980இல் இயங்கத் தொடங்கியது. அதே பத்தாண்டில் டோக்கியோ சீமெந்து ஆலையும் இத்துறைமுகக் கரைக்கு வந்துவிட்டது. எண்ணெய் ஆவி, மாத் தூசு, கனரக இயந்திரம் ஆகிய மூன்று அபாயங்களும் சில மைல் தூரத்துக்குள் கூடிய இடம் இலங்கையில் வேறு அதிகம் இல்லை. மாத் தூசு ஆபத்தா என்று சிலர் வியக்கலாம். காற்றில் மிதக்கும் மா ஒரு பொறி பட்டால் வெடிக்கும். 1785இல் இத்தாலியின் தூரின் நகரத்து வெதுப்பகம் ஒன்றிலும், 1878இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்துப் பெரிய ஆலை ஒன்றிலும் அது நிகழ்ந்தது. மினியாபொலிசில் மாண்டவர்கள் 18 பேர்.

எசமானர் மாறும் ஒவ்வொரு தடவையும் குதங்கள் கைமாறின. அவற்றின் இலக்கங்களும் வரைபடங்களும் கைமாறின. அவற்றை இயக்கத் தெரிந்தோரின் அறிவுக்கு அத்தகைய கைமாற்றம் எதுவும் எழுதப்படவில்லை. ஏன் எழுதப்படவில்லை என்பதற்கு அக்காலச் சட்டங்களைப் பார்க்கவேண்டும்.

இரும்புக்கு ஒரு சான்றிதழ்

குதம் எரிந்த அதே 1942இல்தான் இலங்கையின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் இலக்கம் 45. பிரித்தானியாவின் 1937ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தைப் பெரிதும் அடியொற்றிய இச்சட்டமே, பல திருத்தங்களுடன், இன்றளவும் நம்முடைய தொழிற்சாலைப் பாதுகாப்பின் அடித்தளம்.

அச்சட்டத்தை வாசிப்போருக்கு ஓர் உண்மை புலப்படும். கொதிகலன் குறித்த கால இடைவெளியில் பரிசோதிக்கப்பட வேண்டும். பாரந்தூக்கியும் சங்கிலியும் கயிறும் பரிசோதிக்கப்பட வேண்டும். பரிசோதனையின் முடிவு எழுத்தில் இருக்க வேண்டும். இரும்புக்கு இவ்வளவு தெளிவாகச் சான்றிதழ் கேட்ட சட்டம், அந்த இரும்பை இயக்கும் மனிதனின் பயிற்சி என்று வரும்போது சுருங்கிவிடுகிறது. ஆபத்தான இயந்திரங்களில் வேலைசெய்யும் இளைஞர்களுக்குப் போதிய பயிற்சியோ மேற்பார்வையோ இருக்கவேண்டும் என்ற அளவில் அது நின்றது. வளர்ந்த ஆள் ஒருவர் என்ன கற்றார், எப்போது கற்றார் என்பதைப் பெயர் சொல்லிப் பதியும் வழக்கம் அக்காலத்தில் உருவாகவில்லை.

தொழிலாளியின் பெயர் விபரமாக எழுதப்பட்ட பதிவு ஒன்று அப்போதும் இருந்தது. அது விபத்து அறிவித்தல். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் காயத்துக்கும் மரணத்துக்கும் இழப்பீடு கோரும்போது, ஆளின் பெயர், வயது, கூலி, செய்த வேலை எல்லாம் கேட்கப்பட்டன. காயப்பட்ட பின்னர்தான் அவர் கோவைக்குள் முழு மனிதனாக நுழைந்தார் என்று சொன்னால் அது மிகையாகாது.

வேலையை விட்டுச் செல்லும்போது அவர் கையில் கிடைத்தது ஒரு சேவைக் கடிதம். இத்தனை வருடம் வேலைசெய்தார், நன்னடத்தை உடையவர் என்று அது சொல்லும். வாயு நிறைந்த குதத்துக்குள் இறங்கும் முறை அவருக்குத் தெரியும் என்பதை அது சொல்லாது. அந்த அறிவு அவர் தலைக்குள் இருந்தது. அதற்கான சாட்சி, இருந்திருந்தால், நிறுவனத்தின் அலுமாரிக்குள் இருந்தது.

மாலுமியின் பை

இதே துறைமுகத்தில், அலுமாரிக்குள் அடங்காத இன்னொரு மரபும் இருந்தது. கோதுமையும் கிளிங்கரும் எண்ணெயும் கொண்டுவரும் கப்பல்களின் மாலுமி, தன் தொழில் வரலாற்றைத் தன் பையிலேயே கொண்டுவந்தான்.

கடலோடிகளைப் பெயரும் இலக்கமும் இட்டுப் பதியும் முயற்சியைப் பிரித்தானியா பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தொடங்கியது. 1850ஆம் ஆண்டுச் சட்டம், வெளிநாடு செல்லும் கப்பல்களின் கப்டன்களும் அவர்களுக்கு அடுத்த நிலை அதிகாரிகளும் பரீட்சையில் தேறிச் சான்றிதழ் பெறவேண்டும் என்று கட்டாயமாக்கியது. கையில் ஒரு தாள்; அதில் ஓர் இலக்கம்; அதே இலக்கம் இலண்டன் பேரேட்டிலும். சந்தேகம் வந்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இன்றைய தரவுத்தளத்தின் கருத்து முழுவதும் அந்தப் பேரேட்டிலேயே இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாலுமி ஏறி இறங்கிய கப்பல்கள் அனைத்தையும் ஒரே புத்தகத்தில் தொடர்ச்சியாகப் பதியும் முறையும் வந்தது. கப்பல் முதலாளி மாறலாம், புத்தகம் மாலுமியுடையது.

இம்மரபை உலகப் பொதுவாக்கியது 1978ஆம் ஆண்டின் கடலோடிகள் பயிற்சி, சான்றிதழ் தொடர்பான சர்வதேச உடன்படிக்கை. 1995இல் அது அடியோடு திருத்தப்பட்டது. தீயணைப்பு, கடலில் உயிர்தப்புதல் போன்ற அடிப்படைப் பாதுகாப்புத் திறன்கள் தம்மிடம் இருப்பதைக் கடலோடிகள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிரூபிக்கவேண்டும் என்ற விதி இதன்வழி வந்தது. சான்றிதழுக்குக் காலாவதித் திகதி என்ற கருத்து இங்கேதான் அழுத்தம் பெறுகிறது. கற்றது மறக்கும், கை பழக்கம் இழக்கும் என்பதை ஒரு சர்வதேசச் சட்டம் ஒப்புக்கொண்டதன் அடையாளம் அந்தத் திகதி.

ஆனால் பையில் இருக்கும் தாளைப் போலியாகவும் செய்யலாம். சர்வதேசக் கடல்சார் அமைப்பின் வேண்டுகோளின் பேரில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் கடலோடிகள் ஆய்வு நிலையம் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வு, 12,000க்கும் மேற்பட்ட மோசடிச் சான்றிதழ்ச் சம்பவங்களைக் கண்டறிந்தது. கடல்துறை அதிர்ந்தது. சான்றிதழ் வழங்கும் நாடுகள் தங்கள் பதிவுகளை இணையவழி சரிபார்க்கக்கூடியதாக வைத்திருக்கும் கடப்பாடு, 2010ஆம் ஆண்டு மணிலாத் திருத்தங்களால் உறுதியாக்கப்பட்டு, 2017 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் தன் கடலோடிகளுக்குத் தனித்தனி இலக்கம் கொடுத்து ஒரு தேசியத் தரவுத்தளத்தை அமைத்தது. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறும் இளைஞர்கள் பலர் அந்த இலக்கத்தை நன்கு அறிவர்.

ஆக, போலித் தாள் என்ற நோய்க்குக் கணினி நல்ல மருந்து. அதில் ஐயமில்லை. ஆனால் தாள் மெய்யாகவே இருந்து, அறிவு பொய்யாக இருந்தால் என்ன செய்வது? இந்த இரண்டாவது கேள்விக்கு உலகம் மிகப் பெரிய விலை கொடுத்த பின்னரே விடை தேடத் தொடங்கியது.

மூன்றாவது விபரம்

1988 ஜூலை 6ஆம் திகதி இரவு, வடகடலின் பைப்பர் அல்பா எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் மாண்டனர். பராமரிப்புக்காக வால்வு ஒன்று கழற்றப்பட்ட பம்பியை, அது தெரியாத இரவு நேரப் பணிக்குழு இயக்கியதே தொடக்கம். கழற்றப்பட்டதைச் சொல்லும் அனுமதிப் பத்திரம் எழுதப்பட்டிருந்தும் உரியவர் கண்ணில் படவில்லை. விசாரணை நடத்திய கலன் பிரபு 1990இல் 106 பரிந்துரைகளை முன்வைத்தார். வேலை அனுமதி முறையும், அவசரகாலப் பயிற்சியும் அவற்றில் முக்கிய இடம் பெற்றன. இன்று வடகடல் மேடைகளுக்குச் செல்லும் பணியாளரின் பயிற்சிச் சான்றிதழ்கள், அவர் ஹெலிகொப்டரில் ஏறுமுன்னரே ‘வான்டேஜ்’ என்ற கணினி முறையில் சரிபார்க்கப்படுகின்றன. சான்றிதழ் காலாவதியானவருக்கு ஆசனம் இல்லை.

அடுத்த ஆண்டு, 1989 ஒக்டோபர் 23இல், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து பசடேனாவில் இரசாயன ஆலை வெடித்து 23 பேர் இறந்தனர். 1984ஆம் ஆண்டின் போபால் கொடுமையும் நினைவில் நின்றது. 1992இல் அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிர்வாகம் அபாயகரமான இரசாயனங்களைக் கையாளும் ஆலைகளுக்கென ஒரு விதியைக் கொண்டுவந்தது. அதில் பயிற்சிப் பதிவு எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு மூன்று விபரங்கள் கேட்கப்பட்டுள்ளன. பயிற்சி பெற்றவர் யார்? எந்தத் திகதியில்? அவர் அதனை விளங்கிக்கொண்டார் என்பது எந்த முறையால் உறுதிசெய்யப்பட்டது?

முதல் இரண்டும் எந்தக் கணக்கப்பிள்ளையும் நிரப்பக்கூடியவை. மூன்றாவதே உயிர். அதனை நிரப்புவதற்குக் கற்பித்தவர் கற்றவரின் முன்னால் நின்று, செய்துகாட்டு என்று சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். உலகின் பெரும்பாலான பதிவேடுகளில் வெறுமையாகவோ, ‘தேறினார்’ என்ற ஒற்றைச் சொல்லோடோ கிடப்பது இந்த மூன்றாவது விபரமே.

அதன் வெறுமை என்ன செய்யும் என்பதற்குச் சீனன்குடாவோடு உறவுள்ள ஓர் உதாரணம் உண்டு. 2009 ஒக்டோபர் 29ஆம் திகதி மாலை, லங்கா ஐ.ஓ.சி.யின் தாய் நிறுவனமான இந்தியன் ஒயிலின் ஜெய்ப்பூர் எண்ணெய் முனையத்தில், அண்டை நிறுவனம் ஒன்றுக்குப் பெற்றோல் அனுப்புவதற்காகக் குழாய்வழியை ஆயத்தப்படுத்தினார்கள். வால்வுகளைத் திறக்கும் ஒழுங்கு தவறியது. திறந்துகிடந்த வால்வு ஒன்றின் மேற்புறத்தால் பெற்றோல் ஊற்றாகப் பீறிட்டு, ஏறத்தாழ 75 நிமிடங்கள் கொட்டியது. ஆவி மேகமாகப் பரவி வெடித்தது. பதினொருவர் மாண்டனர், குதங்கள் நாட்கணக்கில் எரிந்தன.

எம். பி. லால் தலைமையிலான விசாரணைக் குழு காட்டிய அடிப்படைக் காரணங்கள் மூன்று. அந்த இடத்துக்கென எழுதப்பட்ட இயக்க நடைமுறை இல்லாமை; கசிவைத் தூரத்திலிருந்து நிறுத்தும் வசதி இல்லாமை; அபாயத்தையும் அதன் விளைவையும் போதிய அளவு விளங்கிக்கொள்ளாமை. இந்த மூன்றாவது காரணம் மேற்சொன்ன மூன்றாவது விபரமே அன்றி வேறல்ல. வால்வுகளை எந்த ஒழுங்கில் திறக்கவேண்டும், ஒழுங்கு மாறினால் என்ன நடக்கும் என்பதை விளங்கியவர் யார் என்று சொல்லாத பதிவு, எத்தனை ஆயிரம் வரிகள் கொண்டதாயினும், அந்த மாலையில் உதவாது.

கணினி செய்வதும் செய்யாததும்

கணினிக்கு முன்னரும் கெட்டிக்கார அலுவலகங்கள் பயிற்சியைக் கண்காணித்தே வந்தன. ஆளுக்கு ஓர் அட்டை. அட்டைகள் அடுக்கிய இழுப்பறை. அட்டை விளிம்பில் நிறக் கிளிப்பு. சிவப்பு என்றால் தவணை தப்பியது, பச்சை என்றால் சரி. இன்றைய கணினித் திரையில் தெரியும் சிவப்பும் பச்சையும் அந்த இழுப்பறையின் வாரிசுகளே. அட்டைக்குப் பின் எக்செல் வந்தது; எக்செலுக்குப் பின் இதற்கெனவே செய்யப்பட்ட மென்பொருள்கள் வந்தன.

அவற்றின் நன்மைகளைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. எந்த வேலைக்கு எந்தப் பயிற்சி தேவை என்ற அட்டவணையை அவை வைத்திருக்கும். தவணை முடிய ஒரு மாதத்துக்கு முன்னர் ஆளுக்கும் மேற்பார்வையாளருக்கும் நினைவூட்டும். வாயிற்கதவின் அட்டை வாசிப்பானோடு இணைத்துவிட்டால், சான்றிதழ் தவறியவரைக் கதவு உள்ளே விடாது. வேலை அனுமதிப் பத்திரத்தோடு இணைத்துவிட்டால், ஒட்டுவேலைக்குப் பயிற்சி பெறாதவரின் பெயரில் ஒட்டுவேலை அனுமதி அச்சாகாது. மா ஆலையில் தூசுக்கு நடுவே ஒட்டுவேலை செய்யப் போகும் ஒருவரை நிறுத்துவதற்கு, கண்டிப்பற்ற மேற்பார்வையாளரைவிடக் கண்டிப்பான கதவு மேல்.

செய்யாதவை எவை? நடக்காத வகுப்பு நடந்ததாகப் பதியப்பட்டால் கணினி அதனை நம்பும். நூறு பேரை ஒரு மண்டபத்தில் இருத்திப் படம் காட்டிவிட்டு நூறு பெயருக்கும் பச்சை நிறம் போட்டால், அது பச்சையாகவே காட்டும். இணையப் பாடத்தின் பக்கங்களைப் படிக்காமலே தட்டிக்கொண்டு போனவருக்கும் சான்றிதழ் அச்சிட்டுக் கொடுக்கும். இன்னொரு குறையும் உண்டு. அது நிறுவனத்தின் நிரந்தர ஊழியர்களை ஒழுங்காக எண்ணும். ஒப்பந்தகாரர் ஒருவர் காலையில் லொறியில் கொண்டுவந்து இறக்கும் கூலியாட்களை எண்ணாது. ஆபத்து அதிகமுள்ள வேலை எதுவோ, அதுவே பெரும்பாலும் ஒப்பந்தகாரரின் ஆட்களுக்குப் போகிறது.

சீனன்குடாவில் அது எத்தகைய வேலை என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். நிரம்பிய குதத்தைவிட வெறுங்குதம் ஆபத்தானது என்பது எண்ணெய்த் தொழிலின் பாலபாடம். எரிவது திரவம் அல்ல, காற்றோடு கலந்த ஆவி. அடியில் உறைந்துகிடக்கும் கசடு, கிளறப்பட்டதும் ஆவியை வெளிவிடும். நெடுங்காலம் மூடிக்கிடந்த இரும்புக் கலத்தில் துருவே பிராணவாயுவை உறிஞ்சிவிடும். உள்ளே இறங்குபவர் ஒரு மணமும் உணராமல் மயங்கி விழுவார். அவரைத் தூக்கப் பாய்ந்து இறங்குபவரும் விழுவார். 1978 ஒக்டோபர் 12இல் சிங்கப்பூரின் ஜூரோங் கப்பல் தளத்தில் ஸ்பைரோஸ் என்ற எண்ணெய்க் கப்பல் பழுதுபார்ப்பின்போது வெடித்து 76 பேர் மாண்டதற்கும் காரணம், பாதுகாப்பானது என்று எண்ணப்பட்ட தாங்கி ஒன்றில் இருந்த ஆவியும், வெட்டுச்சுடரின் பொறியுமே.

பல பத்தாண்டுகளாகக் காடு மூடிக்கிடந்த மேல்தொகுதிக் குதங்களைத் திருத்துவது என்று சொல்லும்போது, மனிதர்கள் அவற்றுக்குள் இறங்குவது என்றே பொருள். காற்றைச் சோதிக்கத் தெரிந்தவர் யார், வெளியே காவல் நிற்பவர் யார், மீட்கத் தெரிந்தவர் யார் என்ற விபரங்கள் அங்கு வெறும் அலுவலகச் சடங்கு அல்ல.

யாருடைய பதிவு?

அந்த ஸ்பைரோஸ் வெடிப்பைக் கண்ட சிங்கப்பூர் நமக்குச் சில பாடங்களைத் தரக்கூடியது. அங்கு நிர்மாண வேலைக்குச் செல்லும் தமிழ்நாட்டுத் தொழிலாளர் ஒருவர், பாதுகாப்பு அறிமுகப் பயிற்சியில் தேறவேண்டும். அந்தப் பயிற்சி தமிழிலும் நடத்தப்படுகிறது. அனுபவத்தைப் பொறுத்து இரண்டு அல்லது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனைப் புதுப்பிக்கும் விதி வகுக்கப்பட்டது. தேறிய பதிவை மனிதவள அமைச்சின் இணையச் சேவையில் சரிபார்க்கவும் வழி உண்டு. அந்த ஊரின் தொழிலாளர் நிலை பற்றி நமக்குப் பல முறைப்பாடுகள் உண்டு. ஆனால் பதிவு முதலாளியின் அலுமாரியில் இல்லாமல் பொதுவான இடத்தில் இருக்கவேண்டும், பயிற்சி கற்பவரின் மொழியில் இருக்கவேண்டும் என்ற இரண்டிலும் அது முன்னே நிற்கிறது.

மொழி என்பது இங்கு உரிமைப் பிரச்சினை மாத்திரமன்று, உயிர்ப் பிரச்சினை. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கூடி வேலைசெய்யும் இடம் சீனன்குடா. மேலிருந்து வரும் கையேடு ஆங்கிலத்தில் இருக்கும். விளங்காத மொழியில் கேட்ட பாடத்துக்கும் கணினி பச்சை நிறமே காட்டும். விளங்கியது எவ்வாறு உறுதிசெய்யப்பட்டது என்ற மூன்றாவது விபரத்தோடு, எந்த மொழியில் என்ற நான்காவதையும் சேர்த்துக் கேட்கும் கடமை நம்மைப் போன்ற பல்மொழி நாடுகளுக்கு உண்டு.

இதற்கும் அப்பால் திருகோணமலைக்கே உரிய ஒரு துயரம் இருக்கிறது. 1983, 1985, 1990 என்று அடுக்கடுக்காக வந்த வன்செயல்களிலும் போரிலும் இம்மாவட்டத்து மக்கள் வீடிழந்து ஓடினர். 2004 டிசம்பரில் கடலும் வந்தது. ஓடியவர்கள் பிறப்புப் பத்திரத்தையே எடுத்துச் செல்ல முடியாதபோது, சேவைக் கடிதத்தையும் பயிற்சித் தாளையும் யார் எடுத்தார்கள்? பல ஆண்டுகள் வெல்டராகவும் பிற்றராகவும் இருந்தவர் தாளில்லாக் கூலியாளாகத் திரும்பி வந்தார். இவர்களுக்கென ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2000களின் நடுப்பகுதியில் இலங்கையில் உருவான தேசிய தொழிற் தகைமை முறையில், ஏழு தரங்கள் உள்ளன. பயிற்சி நிலையத்துக்குப் போகாமலே, முன்னர் பெற்ற அறிவை மதிப்பீட்டாளர் முன்னிலையில் செய்துகாட்டிச் சான்றிதழ் பெற அது இடமளிக்கிறது. செய்துகாட்டு என்று கேட்கும் அந்த முறையே, நான் மேலே சொன்ன மூன்றாவது விபரத்தின் சரியான வடிவம்.

நமக்கு முன்மாதிரி வெளிநாட்டில்தான் தேடவேண்டும் என்பதில்லை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், முதலாளி மாறினாலும் தொழிலாளியின் சேமிப்பு அவர் பெயரிலேயே இருக்கும் என்று வகுத்தது. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் கடையிலும் உழைத்தவரின் பணம் அவரைப் பின்தொடர்வதற்கு, கணினி இல்லாத காலத்திலேயே நம்முடைய தொழிற்சங்க இயக்கமும் அரசும் வழி கண்டன. 1972 முதல் ஆளுக்கு ஓர் அடையாள அட்டை இலக்கமும் வந்துவிட்டது. உழைத்த பணம் பின்தொடர முடியுமாயின், உயிரைக் காக்கும் அறிவின் சாட்சி ஏன் பின்தொடரக் கூடாது? தன்னைப் பற்றிய தரவை அறியும் உரிமையை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நமது சட்டப் புத்தகத்துக்குள் கொண்டுவந்திருக்கிறது. 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தொழில்சார் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்கும் ஒரு தேசிய நிறுவகமும் உண்டு. கருவிகள் கையில் இருக்கின்றன.

கடலோடியின் மரபையும் கரையாளின் மரபையும் அருகருகே கண்ட இடம் சீனன்குடா. கணினி இவ்விரண்டில் எதனையும் பின்பற்றக்கூடியது. நிறுவனத்தின் சேவையகத்துக்குள் பூட்டிவைத்தால் அது பழைய அலுமாரியே. சற்று வேகமான அலுமாரி. தொழிலாளியின் பெயரிலும் இலக்கத்திலும், அவர் எங்கு சென்றாலும் திறந்து காட்டக்கூடியதாக வைத்தால் அது மாலுமியின் புத்தகம். முதலாவதைக் கட்டிக்கொள்வது நிறுவனங்களுக்கு எளிது. கேட்பவர் இல்லாவிட்டால் அதுவே நடக்கும்.

குதங்களைப் பற்றிய அடுத்த ஒப்பந்தமோ அறிக்கையோ வரும்போது, எத்தனை குதம் யாருக்கு என்று பத்திரிகைகள் எழுதும். அதனோடு இதனையும் கேட்டு எழுதவேண்டும் என்பதே என் விண்ணப்பம். மேல்தொகுதியின் ஒரு குதத்துக்குள் முதலாவதாக இறங்கப்போகும் மனிதருக்கு அந்த வேலையைக் கற்பித்தவர் யார்? எந்த மொழியில்? விளங்கிக்கொண்டார் என்பதை எப்படிப் பார்த்தார்கள்? அந்த வேலை முடிந்து அவர் வீடு திரும்பும்போது, தான் கற்றதன் சாட்சியையும் கையோடு கொண்டு போவாரா?